விளையாட்டு வீரர்களும் குற்ற வழக்குகளும்: கோர்ட் விடுவித்தாலும் தடை நீடிப்பது ஏன்? பாதிக்கப்பட்ட வீராங்கனை எங்கே புகார் கொடுப்பது?

சுதந்திர இந்தியாவில் தனிநபர் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற முதல் வீரர், கொலை வழக்கில் திகார் சிறைக்குப் போனார். ஐபிஎல் சூதாட்டப் புகாரில் கைதான பந்துவீச்சாளரை நீதிமன்றம் விடுவித்தது, ஆனால் கிரிக்கெட் வாரியம் அவரை விளையாட விடவில்லை. நாட்டுக்காகப் பதக்கம் வாங்கிக் கொடுத்த மல்யுத்த வீராங்கனைகள், ஒரு எஃப்ஐஆர் பதிவு செய்ய வைக்கவே டெல்லி சாலையில் படுத்துத் தூங்க வேண்டியிருந்தது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் 'இவரா இப்படிச் செய்தார்?' என்று ஒரு தரப்பும், 'பிரபலம்தானே, எப்படியும் வெளியே வந்துடுவார்' என்று இன்னொரு தரப்பும் பேசுவது வழக்கம். உண்மையில், விளையாட்டு வீரர் ஒருவர் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டாலும் சரி, அவரே பாதிக்கப்பட்டாலும் சரி, அங்கே இரண்டு தனித்தனி விசாரணைகள் நடக்க வாய்ப்பு உண்டு. ஒன்று காவல்துறையும் நீதிமன்றமும் நடத்துவது. மற்றொன்று விளையாட்டு வாரியம் அல்லது சம்மேளனம் நடத்துவது. இரண்டும் கேட்கும் கேள்வி வேறு, எதிர்பார்க்கும் ஆதாரம் வேறு, கொடுக்கும் தண்டனையும் வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் பல வழக்குகளின் போக்கு புரியும்.

சத்ரசால் ஸ்டேடியத்தில் என்ன நடந்தது?

குற்றம்சாட்டப்பட்டவரும் உயிரிழந்தவரும் விளையாட்டு வீரர்களாக இருந்த வழக்கு இது. 2021 மே 4-ம் தேதி இரவு, டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் சிலர் தாக்கப்பட்டனர். அதில் படுகாயமடைந்த முன்னாள் ஜூனியர் தேசிய சாம்பியன் சாகர் தன்கட் உயிரிழந்தார். அவருக்கு வயது 23. இந்தத் தாக்குதலை முன்னின்று நடத்தியதாக போலீஸ் குற்றம்சாட்டியது, 2008 பெய்ஜிங்கில் வெண்கலமும் 2012 லண்டனில் வெள்ளியும் வென்ற சுஷில் குமாரை. சத்ரசால் ஸ்டேடியம் அவர் வளர்ந்த இடம். அங்கே பயிற்சி எடுக்கும் இளம் வீரர்களுக்கு அவர்தான் ஹீரோ.

சில வாரங்கள் தலைமறைவாக இருந்த சுஷில் மே 23-ம் தேதி கைது செய்யப்பட்டார். அவர் பணியில் இருந்த வடக்கு ரயில்வே அவரை சஸ்பெண்ட் செய்தது. 2022 அக்டோபரில் கொலை உள்ளிட்ட பிரிவுகளில் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. தன் மீதான குற்றச்சாட்டுகளை சுஷில் மறுத்து வருகிறார்.

2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தும் விசாரணை முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். இதை எதிர்த்து சாகரின் தந்தை உச்சநீதிமன்றம் போனார். 2025 ஆகஸ்ட் 13-ம் தேதி உச்சநீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்து, ஒரு வாரத்துக்குள் சரணடைய உத்தரவிட்டது. சாட்சிகள் பிறழ்ந்ததையும், குற்றம்சாட்டப்பட்டவரின் செல்வாக்கையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஜாமீன் கேட்கும்போது புகழ் தனக்குச் சாதகமாகும் என்று ஒருவர் நினைக்கலாம். இந்த வழக்கில் அதே புகழ், சாட்சிகள் மீது தாக்கம் ஏற்படுத்தக்கூடிய செல்வாக்காகப் பார்க்கப்பட்டு, அவருக்கு எதிராகத் திரும்பியது.

வீரரின் உடல் வலிமையை சட்டம் எப்படிப் பார்க்கிறது?

இதற்கு முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து வழக்கு நல்ல உதாரணம். 1988 டிசம்பர் 27-ம் தேதி பாட்டியாலாவில் சாலையில் ஏற்பட்ட தகராறில் 65 வயது குர்நாம் சிங் தாக்கப்பட்டு இறந்தார். 1999-ல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுதலை செய்தது. 2006-ல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் அதை மாற்றி 3 ஆண்டு சிறை விதித்தது. 2018-ல் உச்சநீதிமன்றம் அதையும் மாற்றி, காயப்படுத்திய குற்றம் மட்டுமே நிரூபணமானது என்று சொல்லி ரூ.1,000 அபராதத்தோடு விட்டது.

குர்நாம் சிங்கின் குடும்பம் விடவில்லை. மறுஆய்வு மனு போட்டது. 2022 மே 19-ம் தேதி உச்சநீதிமன்றம் சித்துவுக்கு ஓராண்டு சிறை விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போல நல்ல உடல் வலிமை உள்ள ஒருவர் அடிக்கும்போது, அவருடைய கையே ஆயுதமாகிவிடும் என்ற கருத்தை நீதிமன்றம் அப்போது பதிவு செய்தது. சம்பவம் நடந்து 33 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. சித்து சிறைக்குப் போய், 2023 ஏப்ரல் 1-ம் தேதி வெளியே வந்தார்.

கோர்ட் விடுவித்த பிறகும் ஸ்ரீசாந்துக்குத் தடை ஏன்?

2013 மே 16-ம் தேதி ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகிய மூவரை டெல்லி போலீஸ் ஸ்பாட் பிக்சிங் புகாரில் கைது செய்தது. இடுப்பில் டவலைச் செருகி சூதாட்டக்காரர்களுக்கு சிக்னல் கொடுத்தார் என்பது ஸ்ரீசாந்த் மீதான புகார். அவர் அதை மறுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிசிசிஐ அவருக்கு ஆயுள் தடை விதித்தது.

2015 ஜூலை 25-ம் தேதி டெல்லி நீதிமன்றம், போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி மூவர் உள்பட குற்றம்சாட்டப்பட்டவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. சரி, கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். பிசிசிஐ தடையை நீக்கவில்லை. கேரள உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடையை ரத்து செய்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

2019 மார்ச் 15-ம் தேதி உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது, கிரிமினல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதற்காக வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை தானாகச் செல்லாமல் போய்விடாது. இரண்டாவது, வாழ்நாள் முழுக்க தடை என்பது அதிகம், அந்தத் தண்டனையின் அளவை மூன்று மாதத்தில் மறுபரிசீலனை செய்யுங்கள். அதன்படி பிசிசிஐ-யின் குறைதீர்ப்பாளர் டி.கே.ஜெயின் தடையை 7 ஆண்டுகளாகக் குறைத்தார். அது 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்போது ஸ்ரீசாந்துக்கு வயது 37.

இதற்குக் காரணம் ஆதாரத்தின் அளவுகோல். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி குற்றம் நிரூபணமாக வேண்டும், ஏனென்றால் பறிபோவது ஒருவரின் சுதந்திரம். விளையாட்டு அமைப்பின் விசாரணையில் அவ்வளவு தேவையில்லை. ஐசிசி-யின் ஊழல் தடுப்பு விதிகள்படி, விசாரிப்பவர்களுக்கு மனநிறைவு ஏற்படும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். இங்கே பறிபோவது விளையாடும் உரிமை. அதனால்தான் ஒரே சம்பவத்தில், ஒரே ஆள் ஒரு இடத்தில் விடுவிக்கப்பட்டு இன்னொரு இடத்தில் தண்டிக்கப்பட முடியும்.

சென்னை அணி இரண்டு ஆண்டுகள் ஆடாததும் இதனால்தானா?

ஆமாம், அதே 2013 விவகாரம்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி நிர்வாகத்தில் முக்கியப் புள்ளியாக அறியப்பட்ட குருநாத் மெய்யப்பன், 2013 மே 24-ம் தேதி பெட்டிங் புகாரில் மும்பை போலீஸால் கைது செய்யப்பட்டார். அவர் அப்போதைய பிசிசிஐ தலைவர் என்.சீனிவாசனின் மருமகன். உச்சநீதிமன்றம் நீதிபதி முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. பிறகு தண்டனையை முடிவு செய்ய நீதிபதி லோதா குழு வந்தது.

2015 ஜூலை 14-ம் தேதி லோதா குழு, சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தான் ராயல்ஸையும் இரண்டு ஆண்டுகளுக்கு சஸ்பெண்ட் செய்தது. குருநாத் மெய்யப்பன், ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ரா இருவரும் கிரிக்கெட் சார்ந்த எந்த நடவடிக்கையிலும் ஈடுபட ஆயுள் தடை. 2016, 2017 சீசன்களில் சேப்பாக்கத்தின் மஞ்சள் ஜெர்ஸி இல்லாமல் ஐபிஎல் நடந்தது. 2018-ல் திரும்பி வந்த அணி அந்த ஆண்டே கோப்பையை வென்றது. இந்தத் தண்டனையும் கிரிமினல் கோர்ட் கொடுத்தது இல்லை. விளையாட்டு விதிகளின் கீழ் வந்தது.

மேட்ச் பிக்சிங் இந்தியாவில் குற்றமா?

நேரடியாக மேட்ச் பிக்சிங்கை மட்டும் குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் போலீஸ் ஏமாற்றுதல், கூட்டுச்சதி போன்ற பிரிவுகளைத்தான் பயன்படுத்தும். அதிலும் சிக்கல் வந்தது. கர்நாடக பிரீமியர் லீக் தொடர்பான வழக்கில், மேட்ச் பிக்சிங் ஏமாற்றுதல் பிரிவின் கீழ் வராது என்று 2022 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரசிகர் தானாக விரும்பித்தான் டிக்கெட் வாங்குகிறார், எனவே அவரை ஏமாற்றிப் பொருளைப் பறித்ததாகச் சொல்ல முடியாது என்பது அதன் வாதம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. 2016-ல் லோதா குழுவும், 2018-ல் சட்ட ஆணையமும் மேட்ச் பிக்சிங்கை குற்றமாக்கப் பரிந்துரைத்திருந்தன.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. 2010-ல் லார்ட்ஸ் டெஸ்டில் வேண்டுமென்றே நோ-பால் வீசிய விவகாரத்தில் பாகிஸ்தானின் சல்மான் பட், முகமது ஆசிப், முகமது ஆமிர் மூவருக்கும் ஐசிசி தடை விதித்தது. அதோடு 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் மூவரையும் சிறைக்கும் அனுப்பியது. சல்மான் பட்டுக்கு 30 மாதம், ஆசிப்புக்கு ஓராண்டு, அப்போது டீன்ஏஜில் இருந்த ஆமிருக்கு 6 மாதம். பக்கத்தில் இருக்கும் இலங்கை 2019-ல் விளையாட்டு தொடர்பான குற்றங்களைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் 2023 செப்டம்பரில் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சசித்ர சேனாநாயக்க கைது செய்யப்பட்டார்.

இந்தப் பிரச்னை தமிழ்நாட்டையும் தொட்டது. 2019-ல் டிஎன்பிஎல் தொடரில் ஆடிய சில வீரர்கள், அடையாளம் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ் வந்ததாக பிசிசிஐ ஊழல் தடுப்புப் பிரிவிடம் சொன்னார்கள். அவர்கள் செய்தது சரியான காரியம். ஏனென்றால் பணத்தை வாங்கினால் மட்டுமே தவறு என்று விதி சொல்லவில்லை. யாராவது அணுகினார்கள் என்பதைச் சொல்லாமல் மறைத்தாலே தடை வரும்.

கைதானாலே குற்றவாளியா?

இல்லை. இலங்கை பேட்டர் தனுஷ்க குணதிலகவின் வழக்கைப் பாருங்கள். 2022 டி20 உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியா போன அவர், பாலியல் குற்றச்சாட்டில் அந்த நவம்பரில் சிட்னியில் கைது செய்யப்பட்டார். அணி ஊர் திரும்பியது, அவர் அங்கேயே இருக்க வேண்டி வந்தது. இலங்கை கிரிக்கெட் வாரியம் அவரை சஸ்பெண்ட் செய்தது. ஏறக்குறைய 11 மாதம் கழித்து, 2023 செப்டம்பர் 28-ம் தேதி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. அதன் பிறகு வாரியமும் தடையை நீக்கியது.

விசாரணை முடியும் வரை ஒருவரை சஸ்பெண்ட் செய்வது தற்காலிக ஏற்பாடு. மற்ற வீரர்களின் பாதுகாப்பும் விசாரணையின் நேர்மையும் கெடாமல் இருக்கத்தான் அது. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் தப்பு. விடுதலையானவரைப் பார்த்து புகார் கொடுத்தவரே பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவதும் தப்பு. போதுமான ஆதாரம் இல்லை என்பதும், புகார் பொய் என்பதும் ஒன்றல்ல.

வீரர்கள் பாதிக்கப்படுவது எப்படியெல்லாம்?

புகழ் பாதுகாப்பு தரும் என்பது பொதுவான நம்பிக்கை. பல வழக்குகளில் புகழே ஆபத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

* உயிருக்கு ஆபத்து: எட்டு முறை தேசிய பேட்மிண்டன் சாம்பியனான சையது மோடி, 1988 ஜூலை 28-ம் தேதி லக்னோவில் பயிற்சி முடித்து ஸ்டேடியத்திலிருந்து வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 1993-ல் ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் நடுவே, ஸ்டெஃபி கிராஃபின் ரசிகர் ஒருவரால் மோனிகா செலஸ் முதுகில் குத்தப்பட்டார். குத்தியவருக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான். செலஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் களத்துக்கு வரவில்லை.

* தோற்றதற்குத் தண்டனை: 1994 கால்பந்து உலகக் கோப்பையில் தவறுதலாக சொந்த அணிக்கு எதிராக கோல் போட்ட கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்ம ஊரில், தமிழ்நாடு சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி, 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு தனக்கு மிரட்டல் போன்கள் வந்ததாக 2025-ல் ஒரு பேட்டியில் சொன்னார். 'மீம்தானே, கலாய்க்கத்தானே' என்று தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது சாட்சி. கொலை மிரட்டலும் பாலியல் மிரட்டலும் விமர்சனம் ஆகாது. அவை தண்டனைக்குரிய குற்றம்.

* வழிப்பறி: தேசிய அளவிலான வாலிபால் வீராங்கனை அருணிமா சின்ஹா, 2011 ஏப்ரலில் ரயிலில் கொள்ளையர்களை எதிர்த்ததால் வெளியே தள்ளப்பட்டார். ஒரு காலை இழந்தார். 2013-ல் செயற்கைக் காலுடன் எவரெஸ்ட் ஏறினார்.

* பண மோசடி: உலகின் அதிவேக மனிதர் உசைன் போல்ட், ஜமைக்காவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்டு வைத்திருந்த சுமார் 1.27 கோடி டாலர், வெறும் சில ஆயிரம் டாலராகச் சுருங்கியிருந்தது 2023 ஜனவரியில் தெரியவந்தது. சின்ன வயதில் பெரிய பணம், பயிற்சியும் பயணமுமாக ஓடும் வாழ்க்கை, கணக்கைப் பார்க்க நேரமில்லை. இதெல்லாம் மோசடிக்காரர்களுக்கு வசதி.

பயிற்சியாளர், நிர்வாகி மீதே புகார் என்றால்?

பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் மௌனமாக இருப்பது இங்கேதான். காரணம் எளிது. யார் மீது புகார் சொல்ல வேண்டுமோ, அவர்தான் அணியில் யார் இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறார். புகார் சொன்னால் கேம்ப் போகும், போட்டி போகும், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் போகும். பெரும்பாலும் கஷ்டப்படும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

1990-ல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 14 வயது டென்னிஸ் வீராங்கனை ருச்சிகா கிர்ஹோத்ரா, மாநில டென்னிஸ் சங்கத் தலைவராகவும் காவல்துறை ஐ.ஜி.யாகவும் இருந்த எஸ்.பி.எஸ்.ராத்தோர் மீது பாலியல் சீண்டல் புகார் கூறினார். அவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1993-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். ராத்தோரோ மாநில டிஜிபி பதவி வரை உயர்ந்தார். அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2009 டிசம்பரில், 19 ஆண்டுகள் கழித்து.

சென்னையில் 2021 மே மாதம், தடகளப் பயிற்சியாளர் பி.நாகராஜன் மீது அவரிடம் பயிற்சி பெற்ற வீராங்கனை ஒருவர் பாலியல் புகார் கொடுத்தார். பயிற்சி எடுத்த காலத்தில் நடந்ததைப் பற்றிய புகார் அது. போக்சோ உள்ளிட்ட பிரிவுகளில் வழக்கு பதிவாகி அவர் கைது செய்யப்பட்டார். ஒருவர் வாயைத் திறந்ததும் மேலும் பல வீராங்கனைகள் புகார் கொடுக்க முன்வந்தனர்.

2023 ஜனவரியில் வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர், மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷன் சரண் சிங் மீது பாலியல் புகார்கள் இருப்பதாகக் கூறி ஜந்தர் மந்தரில் போராடினர். விளையாட்டு அமைச்சகம் மேரி கோம் தலைமையில் மேற்பார்வைக் குழு அமைத்தது. குழு வந்தது, வழக்கு வரவில்லை. வீராங்கனைகள் உச்சநீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், ஏப்ரல் 28-ம் தேதி டெல்லி போலீஸ் இரண்டு எஃப்ஐஆர் பதிவு செய்தது. 2024 மே மாதம் ஒரு வழக்கில் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. மைனர் தரப்பில் கொடுக்கப்பட்ட போக்சோ வழக்கை முடித்துக்கொள்ள போலீஸ் கேட்டதை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றது. குற்றச்சாட்டுகளை பிரிஜ் பூஷன் மறுத்து வருகிறார்.

இது இந்தியாவில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் மீதான புகார் 2015-லேயே எஃப்பிஐ-க்குப் போனது. அதை எஃப்பிஐ சரியாகக் கையாளவில்லை என்று அந்நாட்டு நீதித்துறையின் கண்காணிப்பாளரே 2021-ல் அறிக்கை கொடுத்தார். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்த பிறகு, நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது.

சம்மேளனத்தில் புகார் கொடுத்தால் போதுமா?

போதாது. ஸ்ரீசாந்த் விஷயத்தில் பார்த்த அதே இரட்டைப் பாதை இங்கேயும் உண்டு. சம்மேளனத்தின் குழு ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கலாம், தடை விதிக்கலாம். கைது செய்யவோ சிறைக்கு அனுப்பவோ அதற்கு அதிகாரம் இல்லை. அதேபோல, 'முதலில் சங்கத்தில் பேசிக்கலாம், அப்புறம் போலீஸ்' என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு வரிசை சட்டத்தில் கிடையாது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் புகார் கொடுக்கலாம்.

* எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம்: கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்ஐஆர் பதிவு செய்வது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டியாலா கேம்ப்பில் நடந்த சம்பவத்துக்கு கிண்டியிலோ மயிலாப்பூரிலோ உள்ள காவல் நிலையத்தில் 'ஜீரோ எஃப்ஐஆர்' போடலாம். 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது.

* மைதானமும் பணியிடம்தான்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டு சட்டம், விளையாட்டுப் பயிற்சி நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றையும் பணியிடமாகவே சொல்கிறது. உள்ளகப் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். பல சம்மேளனங்களில் இந்தக் குழு முறையாக இல்லை என்ற செய்தி வந்ததும், 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

* 18 வயதுக்குக் கீழ் என்றால்: போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சக பயிற்சியாளர், ஹாஸ்டல் வார்டன், அகாடமி உரிமையாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். மறைத்தால் அவர்களுக்கும் சிறைத் தண்டனை உண்டு. புகார் கொடுக்கும் பிள்ளையின் வாக்குமூலத்தை சீருடையில் இல்லாத போலீஸ், பிள்ளையின் வீட்டிலோ அல்லது பிள்ளை விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும்.

* பெயரை வெளியிடக் கூடாது: பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். இது ஊடகத்துக்கு மட்டுமான விதி இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ ஃபார்வர்டு செய்பவருக்கும் பொருந்தும்.

* உதவி எண்கள்: குழந்தைகள் 1098, பெண்கள் 181, இணையவழி மோசடி 1930, இலவச சட்ட உதவி 15100, அவசரத்துக்கு 112.

ஆதாரம் விஷயத்தில் ஒரு சின்ன ஆலோசனையை வழக்கறிஞர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். மெசேஜ், கால் ஹிஸ்டரி எதையும் அழிக்காதீர்கள். போன் மாற்றினால் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். நடந்த தேதியையும் இடத்தையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

புதிய சட்டம் என்ன மாற்றும்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சம்மேளனங்களை அங்கீகரிக்கவும் மேற்பார்வையிடவும் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளை விசாரிக்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. பெண்கள், சிறார் வீரர்களைப் பாதுகாக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையும், குறைதீர்க்கும் ஏற்பாடும் வேண்டும் என்கிறது. சம்மேளன நிர்வாகத்தில் வீரர்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது.

இவை விளையாட்டு அமைப்புகளின் பாதையைச் சீர்செய்யும் முயற்சிகள். காவல் நிலையத்தின் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, அதைத் தட்டத் தடையாக இருப்பது 'செலக்‌ஷன் போயிடுமே' என்ற பயம். யார் புகாரைக் கேட்கிறாரோ அவரும், யார் அணியைத் தேர்வு செய்கிறாரோ அவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை அந்தப் பயம் குறையாது. உங்கள் பிள்ளை பயிற்சிக்குப் போகும் அகாடமியில் புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை. அட்மிஷன் பீஸ் எவ்வளவு என்று கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்கலாம்.